வாரேன் என்றுதான் சொன்னேன்

“ஓடம் கரையில்தான் நிற்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் நீங்களே வந்து ஏறிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் உங்களுக்காக நான் நிறுத்தி வைக்க முடியாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனீர்கள்?”

ஆங்கிலத்தில் இப்படி நான்கு வரி. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சேந்தமங்கலத்தில் என் கம்ப்யூட்டர் சென்டரில் யாரோ ஒருவருடைய சாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்துகொண்டிருந்தபோது வந்த மின்னஞ்சல். படித்ததும் எனக்கு வந்தது கோபம். நாலு வருடம் கழித்து என்ன ஓடம், என்ன கரை? அந்த விளையாட்டிலிருந்து வந்த கடிதங்களை எல்லாம் அதுவரை திறக்காமலே அழித்துக்கொண்டு வந்தவள் நான். இதையும் அழித்திருப்பேன். தலைப்பில் ‘ஐ யாம் கமிங்’ என்று போட்டிருந்தார், பாவி மனுஷன். அதைப் பார்த்தபின் திறக்காமல் இருக்க முடியவில்லை.

மனுஷன் என்கிறேன், ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் ஆடும் ஒரு விளையாட்டில் அவர் ஓடக்காரர், நான் வைத்தியன். ஆமாம், வைத்தியன்தான். சேரும்போது ஆணா பெண்ணா என்று கேட்ட இடத்தில் முதலில் இருந்ததைத் தட்டிவிட்டேன். பிறகு மாற்றத் தெரியவில்லை, அப்படியே இருந்துவிட்டேன். பல நாட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, கூட்டாக ஆறு கடந்து, மலை ஏறி, சண்டை போட்டு ஆடுவது. படம் கிடையாது, எல்லாம் எழுத்து. வடக்கே போ என்று தட்டினால், ‘நீ ஒரு ஆற்றங்கரைக்கு வந்திருக்கிறாய், ஓடம் ஒன்று கட்டிக் கிடக்கிறது’ என்று திரையில் வரும். மீதியை நாமே மனதில் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு இருந்த டெலிபோன் லைனுக்கு அவ்வளவுதான் தாங்கும். படம் வைத்த விளையாட்டு ஒன்றைத் திறந்தால், அது வந்து சேருவதற்குள் ஒரு கல்யாணப் பத்திரிகையை அடித்து, பிழை திருத்தி, பிரின்ட்டும் எடுத்துவிடலாம்.

அப்போது சென்டர் என்னுடையது இல்லை. நான் அங்கே டைப்பிஸ்ட். சொந்த ஊர் மேலே கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டுப் பக்கம். சாமை, மரவள்ளி, மரத்துக்கு மரம் ஏற்றிவிட்ட மிளகு. பிளஸ் டூவும் டைப்பிங்கும் முடித்திருந்தேன் என்பதால் கீழே வேலை கிடைத்தது. வார நாளில் சேந்தமங்கலத்தில் சித்தி வீட்டில் இருப்பேன். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் மலைக்குப் போவேன், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குவேன். முதலாளி ஒரு அக்கா. வாய் கொஞ்சம் நீளம், மனசு மோசமில்லை.

மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை சென்டருக்கு ஈ காக்கா வராது. அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல்தான் முதலில் உள்ளே போனேன். ஒரு மாதத்தில் காலை பதினோரு மணிக்கும் ஆடினேன், நாலு மணிக்கும் ஆடினேன். கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால் விளையாட்டை மறைத்து வைத்துக்கொள்வேன். ஒருநாள் எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல், வடக்கு வடக்கு என்று அடித்தது எல்லாம் தமிழ் எழுத்தாக மாறி, ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்குக் கீழே போய் விழுந்துவிட்டது. முதலாளி அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, இதென்ன மந்திரமாட்ட இருக்குது? மாமங்காரன் படிச்சான்னா காது குத்தாமயே ஓடிருவான்.”

“ஃபான்ட் கோளாறுங்க்கா” என்றேன். அந்தக் காலத்தில் எதற்கும் அது ஒரு நல்ல பதில்.

அந்த மதியங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும். சென்டரில் நான் டீ வாங்கி வருகிறவள், பேப்பர் அடுக்குகிறவள், கரண்ட் போனால் திட்டு வாங்குகிறவள். அங்கே உள்ளே, ஓடக்காரர், ஒரு வில்லாளி, ஒரு வாள்காரர் என்று மூன்று பேர் நான் வரும்வரை நகராமல் நிற்பார்கள். வைத்தியன் இல்லாமல் கணவாயைக் கடக்க முடியாது. அடிபட்டவருக்குப் பச்சிலை போட்டு எழுப்பிவிட நான் வேண்டும். எனக்காக மூன்று பேர் காத்திருப்பது என்பது அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் நடந்ததே இல்லை. அந்த விளையாட்டை எழுதியவர்களுக்கு மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது மட்டும்தான் எனக்குக் குறை. கோடு போட்ட மாதிரி நேரே ஏறிக்கொண்டே போகும் மலை. எழுபது கொண்டை ஊசி வளைவில் வாராவாரம் ஏறி இறங்குகிறவளிடம் இதைக் காட்டினால் எரிச்சல் வராதா?

முதல் தப்பு நடந்தது ஒரு சனிக்கிழமை. நாங்கள் நால்வரும் கணவாயின் வாயில் நிற்கிறோம். வாள்காரர், ‘எல்லாரும் தயாரா?’ என்று கேட்கிறார். மணியைப் பார்த்தால் பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம். பையை எடுத்துக்கொண்டே அவசரமாகத் தட்டினேன்: ‘ஐ யாம் கமிங்.’ கம்ப்யூட்டரை அணைத்தேன், ஓடினேன், பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோர சீட்கூடக் கிடைத்தது.

திங்கட்கிழமை வந்து திறந்தால் திரை முழுக்க வசவு. நான் வருகிறேன் என்று சொன்னதை நம்பி மூன்று பேரும் கணவாய்க்குள் இறங்கியிருக்கிறார்கள். உள்ளே அடிபட்டு விழுந்தபோது எழுப்பிவிட வைத்தியன் இல்லை. மூவரும் காலி. மாதக்கணக்கில் சேர்த்த பலம், ஆயுதம், எல்லாம் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ‘வருகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கே போய்த் தொலைந்தாய்?’ என்று வாள்காரர் பெரிய எழுத்தில் கேட்டிருந்தார்.

என் பக்கம் என்ன தப்பு என்று எனக்குப் புரியவே இல்லை. நான் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதானே கிளம்பினேன்? அரைமணி நேரம் யோசித்த பிறகுதான் உறைத்தது. எங்கள் பக்கம் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு ஒரு இடத்திலிருந்து கிளம்ப மாட்டார்கள். ‘வாரேன்’ என்றுதான் சொல்வார்கள். போறேன் என்றால் ஒரேயடியாகப் போகிறேன் என்று ஆகிவிடும். இழவு வீட்டில் மட்டும் எதுவுமே சொல்லாமல் எழுந்து வருவோம். நான் மலைத் தமிழை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் போட்டிருக்கிறேன்.

இந்தச் சொல் விஷயத்தில் எங்கள் வீட்டில் கண்டிப்பு அதிகம். என் தங்கைக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, என்னோடு ஏதோ சண்டையில், “நான் பள்ளிக்கொடம் போறேன்” என்று கத்திவிட்டுக் கிளம்பினாள். அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடி, பாதி வழியில் அவளைப் பிடித்து, வாசல்வரைக்கும் தரதரவென்று இழுத்து வந்தாள். வாரேன் என்று மூன்று தரம் சொன்ன பிறகுதான் கையை விட்டாள். தங்கை அழுதுகொண்டே சொன்னாள். நான் சிரித்தேன், எனக்கும் ஒரு அடி விழுந்தது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இதை எல்லாம் அவர்களுக்கு எழுதினேன். வாள்காரர் நம்பவில்லை. வில்லாளி சிரிப்புக் குறி போட்டார். ஓடக்காரர் மட்டும் நாலைந்து கேள்வி கேட்டார். அப்படியானால் உண்மையிலேயே திரும்பி வர விருப்பமில்லாதவர் என்ன சொல்வார்? ‘அவரும் வருகிறேன் என்றுதான் சொல்வார்’ என்று எழுதினேன். ‘அப்படியென்றால் கேட்கிறவர் காத்திருப்பாரே’ என்றார். அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் யார் கிளம்பினாலும் ‘ஐ யாம் கமிங்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. பனி கொட்டுகிற ஊரில் இருக்கும் ஒருவர் எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசுகிறார் என்று எனக்குள் ஒரே பெருமை.

இப்போது தங்கை விஷயம். அவள் என்னைவிட நன்றாகப் படிப்பவள். பிளஸ் டூவில் நல்ல மார்க். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சிலேட்டும் குச்சியுமாகப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளை உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறவள், அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. விண்ணப்பத்தை நான்தான் வாங்கினேன், நானே நிரப்பினேன், கையெழுத்து வாங்க மலைக்கு எடுத்துப் போய்க் கொண்டும் வந்தேன். கடைசி நாளுக்குள் போய்ச் சேர வேண்டுமானால் அந்தச் சனிக்கிழமை மதியத்துக்குள் ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தாக வேண்டும். சென்டரிலிருந்து தபால் ஆபீஸ் நூறு அடி. உறையை மேசை மேலேயே, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

அன்றைக்குத்தான் மறுபடி கணவாய். அந்த மூன்று பேரும் முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடி பலம் சேர்த்து, மறுபடி அதே வாயிலில் நின்றார்கள். போன தடவை என்னால் செத்தவர்கள். இந்தத் தடவை நான் அவர்களைக் கடத்திவிட்டே தீர வேண்டும் என்று வீம்பு. இதோ ஆயிற்று, இதோ ஆயிற்று என்று பார்க்கிறேன். கணவாயைக் கடந்தோம். ஆற்றங்கரைக்கு வந்தோம். ஓடக்காரர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டார். அப்போதுதான் கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்த உறை கண்ணில் பட்டது. ‘ஐ யாம் கமிங்’ என்று தட்டிவிட்டு ஓடினேன். கவுண்ட்டரில் பலகை போட்டிருந்தது. உள்ளே ஒருவர் கோணியில் தபாலைக் கட்டிக்கொண்டிருந்தார். கெஞ்சினேன். “நேரமாயிருச்சும்மா, திங்கக்கெழம வாங்க” என்றார். அவர் மேல் தப்பில்லை.

மலைக்குப் போகும் பஸ்ஸில் என்ன சொல்வது என்று வளைவுக்கு வளைவு ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் ஊர்ப் பிரிவில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். நான் படியிலிருந்து காலைக்கூட எடுக்கவில்லை.

“அனுப்பிட்டியாக்கா?”

“அனுப்பிட்டேன் கண்ணு.”

அந்த ஒரு வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஒத்திகை பார்த்ததில் அது இல்லவே இல்லை. திங்கட்கிழமை போய் அனுப்பத்தான் செய்தேன். நாள் தவறிப் போன உறைக்கு யார் பதில் போடுவார்கள்? தங்கை தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் கழித்துக் கேட்டாள். “தபால்ல தொலைஞ்சிருக்குமாட்ட இருக்குது” என்றேன். மலைத் தபால்காரர் முன்னே ஒருதடவை யாருடைய கடிதத்தையோ டீக்கடையில் வைத்துவிட்டுப் போனவர். பழி அவர் மேல் லேசாக ஒட்டிக்கொண்டது.

“அந்தாளு பதிலக் கொண்டாந்து எங்காச்சும் போட்டிருப்பாரு. அவரு உருப்படுவாரா?” என்று சாபம் விட்டாள். நான் முறத்தை எடுத்துக்கொண்டு சாமை புடைக்கப் போனேன். மலையில் வாசலுக்கு நடந்து வந்தவரைத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் கிடையாது. என் தங்கை அன்றிலிருந்து அவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று பார்த்தால், அதற்குள் பக்கத்து ஊர் மாப்பிள்ளை வந்துவிட்டார். நல்ல மனுஷன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமாகிப் போன வீட்டிலும் அதே தபால்காரர்தான். அங்கேயும் அவருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஊர்ப் பால்வாடியில் ஆள் வராத நாட்களில் இவளைக் கூப்பிடுவார்கள். போய்க் குழந்தைகளுக்கு அ, ஆ எழுதிக் காட்டுவாள். குழந்தைகள் டீச்சர் என்று கூப்பிட்டால், “அட போ சாமி, நான் டீச்சர் இல்ல” என்பாள். நான் பக்கத்தில் இருக்கும்போதே ஒருமுறை சொன்னாள்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் விளையாட்டுப் பக்கம் போகவில்லை. சபதமெல்லாம் எடுக்கவில்லை. திறக்க உட்கார்ந்தால் கை வரவில்லை, அவ்வளவுதான். எனக்கும் கல்யாணமாகி, சேந்தமங்கலத்திலேயே இருந்துவிட்டேன். முதலாளி அக்காவுக்கு முட்டிவலி வந்தபோது சென்டரை என்னிடம் விட்டார். மலையிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்புவதுதான் இப்போது பாதி வேலை. கடைசி நாள் எதுவோ அதைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுவேன். அன்று வந்ததை அன்றே அனுப்பிவிட்டுத்தான் சாப்பிடுவேன். எல்லாரும் என்னைப் பொறுப்பானவள் என்கிறார்கள். கேட்டுக்கொள்வேன்.

மின்னஞ்சலுக்கு வருகிறேன். விளையாட்டின் பக்கத்தில் அறிவிப்பு போட்டிருந்தார்கள், அதைப் புதிதாக மாற்றப் போகிறார்களாம். பழைய ஆட்கள் மாதக் கடைசிக்குள் ஒருமுறை உள்ளே வராவிட்டால் அழித்துவிடுவார்களாம். இத்தனை நாள் என் வைத்தியன் அழியாமல் இருந்தது எப்படி என்று தேடிப் பார்த்தேன். ஓடத்தில் ஏறிய ஆள், ஓடக்காரர் இருக்கும்வரை இருப்பார் என்று ஒரு விதி. நான் ஓடத்தில் ஏறிய பின்னால்தான் கிளம்பியிருந்தேன். ஓடக்காரர் என்னை இறக்கிவிடாமல், மாதத்துக்கு ஒருமுறை உள்ளே வந்து, அதே கரையில் நின்றிருக்கிறார். நாலு வருடம். எனக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஒரு வாரம் யோசித்தேன். போனால் என்ன? ஒரு தடவை தலை காட்டிவிட்டு வந்துவிடலாம். அது முடியாது என்பதும் எனக்கே தெரியும். என் கையைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஒரு மதியம் போனால் எல்லா மதியமும் போகும். மேசையில் இன்றைக்கும் யாராவது ஒரு பிள்ளையின் உறை இருக்கத்தான் செய்கிறது. சரி, போகாவிட்டால்? ஒருவர் நாலு வருடமாக நிற்கிறார், என் வாய் சொன்ன ஒரு வார்த்தைக்காக. அதுவும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தவளே நான்.

அந்த வாரக் கடைசியில் தங்கை ரேஷன் கார்டில் மகள் பெயரைச் சேர்ப்பதற்காகக் கீழே வந்தாள். நான் எதையோ யோசித்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். விளையாட்டு, ஓடக்காரர், கடிதம் எல்லாம் சொன்னேன். எதனால் விட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. வேலை அதிகமாகிவிட்டது என்றேன்.

“அட, போய் வெளையாடேங்க்கா. நாள் பூரா அடுத்தவங்க பாரத்தையே எழுதிட்டுக் கெடக்கறே. உனக்குன்னு என்ன இருக்குது?” என்றாள். பிறகு கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னாள். “வாரேன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறே. ஒருத்தரு நாலு வருசமா நிக்கறாருன்னா சும்மாவா? போவோணும்.”

எனக்குச் சரியென்றுதான் பட்டது. வேண்டாம் என்று சொல்ல உலகத்தில் ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது, அவளே போ என்கிறாள். அன்று முழுக்க எனக்கு வேலை நன்றாக ஓடியது. சாயங்காலம் வீட்டில் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன். ஆனால் அவளுக்கு என்ன தெரிந்து அவள் சரி சொன்னாள்? எதுவும் தெரியாமல் வைத்த கையெழுத்தை வைத்துக்கொண்டு எதைச் சாதிப்பது? விண்ணப்பத்தில்கூட இப்படி நான் யாரிடமும் வாங்க மாட்டேன். ஆனாலும் போவது என்றே முடிவு செய்தேன். இதை மறைக்கவில்லை.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. மகள் பெயர் சேர்த்த கார்டை வாங்கிக்கொண்டு தங்கை மூன்று மணிக்குச் சென்டருக்கு வந்தாள். அம்மா பலாப்பழம் அறுக்கக் கூப்பிட்டிருந்ததால் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் மேலே போவதாக ஏற்பாடு. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

“தெறக்கா, நானும் அந்த ஓடக்காரரப் பாக்கறேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் எழுத்துத்தான்.”

“எழுத்துன்னா எனக்குப் படிக்கத் தெரியாதா?”

திறந்தேன். பாஸ்வேர்டு மறந்திருக்கும் என்று நினைத்தேன். விரலுக்கு ஞாபகம் இருந்தது. ‘நீ ஓடத்தில் உட்கார்ந்திருக்கிறாய். ஆறு அமைதியாக இருக்கிறது. ஓடக்காரர் துடுப்பைப் பிடித்தபடி நிற்கிறார்’ என்று வந்தது. நான் முன்பே மின்னஞ்சலில் நேரம் எழுதியிருந்ததால் அவரும் உள்ளே இருந்தார். தங்கை ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்து, தமிழிலும் சொல்லிக்கொண்டு வந்தாள். குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற அதே இழுவை.

“‘வைத்தியரே, வந்துவிட்டீர்களா?’ வைத்தியரா? அக்கா, நீ ஆம்பளையா இதுல?” என்று சிரித்தாள்.

வந்துவிட்டேன் என்று அடித்தேன். வாள்காரரும் வில்லாளியும் எப்போதோ போய்விட்டார்கள் என்றார். புதிய ஆட்கள் இரண்டு பேர் மறுகரையில் காத்திருக்கிறார்கள், வைத்தியன் வந்தால் கிளம்பலாம் என்றார். கிளம்பலாம் என்று அடிக்கக் கை கீபோர்டுக்குப் போனது. அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. தங்கை படித்தாள்.

“‘ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு ஏன் அவ்வளவு அவசரமாகப் போனீர்கள்? நாலு வருடமாக யோசிக்கிறேன்.’” படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “கேக்கறாரல்ல. சொல்லுக்கா. எதுக்குப் போனே?”

கீபோர்டுக்குப் பக்கத்தில், உறை இருந்த அதே இடத்தில், அவளுடைய ரேஷன் கார்டு இருந்தது. கரண்ட் போய்விட்டது என்று அடிக்கலாம். நோய் என்று அடிக்கலாம். அவர் எந்த நாட்டிலோ இருப்பவர், எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். ஆனால் அதையும் இவள்தான் படிப்பாள், வாய்விட்டு, தமிழில். இன்னுமொரு பொய்யை, அதுவும் இவள் வாயாலேயே படிக்க வைக்க எனக்குத் தெம்பில்லை. உண்மையை அடித்தால், அதையும் இவள் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா? எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இதற்கு மேல் அந்த மனுஷனை என் சொல்லுக்காக நிற்கவைக்கவும் கூடாது.

‘ஐ யாம் கோயிங்’ என்று அடித்தேன்.

“என்னக்கா இது!” தங்கை என் கையைத் தட்டிவிட்டாள். “போறேன்னு அடிக்கறே? அம்மா பாத்தா முறத்தாலயே போடுவா. வாரேன்னு அடி மொதல்ல.”

ஓடக்காரருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும், நான்தானே சொல்லிக் கொடுத்தேன். விளையாட்டே எழுதுகிற வரி ஒன்று வந்தது. ‘ஓடக்காரர் உன்னைக் கரையில் இறக்கிவிடுகிறார். கயிற்றை அவிழ்க்கிறார்.’ நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சேர்ந்து சீட் கிடைத்தது. அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். பாவம் அந்த மனுஷன், கேட்டதற்கு ஒரு பதில்கூடச் சொல்லாமல் வந்துவிட்டாயே, உனக்கு எப்பவும் இந்த வெடுக்குப் புத்திதான் என்று. மலை ஏறத் தொடங்கியதும் வளைவுக்கு வளைவு எண் எழுதிய கல் வரும். பன்னிரண்டாவது வளைவில் நான் சொல்ல ஆரம்பித்தேன். உறை, கணவாய், கவுண்ட்டர், திங்கட்கிழமை, எல்லாவற்றையும் வரிசையாக. முப்பதாவது வளைவுக்குள் முடிந்துவிட்டது. நாலு வருடமாக வைத்திருந்ததற்குப் பதினெட்டு வளைவு போதுமாக இருந்தது. முன் சீட்டில் ஊர் பார்க்க வந்தவர் ஒருவர் தலை சுற்றுகிறது என்று ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தார். கண்டக்டர் எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

தங்கை அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கார்டை வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வளைவெல்லாம் முடிந்து, மேலே சோளக்காடு தாண்டிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்ப தபால்காரரு?”

“அவரு ஒண்ணும் பண்ணுல கண்ணு.”

தலையை ஆட்டினாள். அதன் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன். இரண்டு தரம் கேட்டேன். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்து மூன்றாவது தரமும் கேட்டேன். கேட்டிருக்கும்.

அவளுடைய ஊர் நிறுத்தம் எங்கள் ஊருக்கு முந்தியது. அம்மா வீட்டுக்கு நேரே வருவதாகத்தான் ஏற்பாடு, ஆனால் பஸ் நின்றதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் காலை ஒதுக்கி வழி விட்டேன். படியில் ஒரு கால் வைத்து, கம்பியைப் பிடித்தபடி ஒருதடவை திரும்பி என்னைப் பார்த்தாள்.

“போறேன்” என்றாள்.

கண்டக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவள் இறங்கி நடந்தாள். அவர் விசில் அடித்தார்.